"ராத்திரியில் கேம் ஆடுகிற பொண்ணு வேண்டாம்" என்று சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள். நான் என்ன செய்ய?

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நெருங்கி இருக்கும் ஒரு பகுதியிலிருந்து 27 வயதுப் பெண் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பட்டறை. இவர் பி.காம். முடித்துவிட்டு, ஒரு தனியார் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். 2020 ஊரடங்கில் கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லி, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து ஆடும் ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் ஒன்றில் சேர்ந்தார். தோழி கொஞ்ச நாளில் விட்டுவிட்டாள், இவர் விடவில்லை. அதில் இவருடைய பாத்திரம் ஓர் ஆண். நரைத்த முடி, நீளமான வெள்ளை அங்கி, வேலை வைத்தியம். மொத்தம் எட்டுப் பேர் கொண்ட குழு. கோயம்புத்தூர், திருச்சி, யாழ்ப்பாணம், பினாங்கு என்று பல ஊர்த் தமிழர்கள். செவ்வாய், வெள்ளி, சனி இரவு பத்து மணிக்குக் கூடுவார்கள். பன்னிரண்டரைக்கு முடிய வேண்டியது, சில நாள் இரண்டு மணி ஆகிவிடும்.

ஈரோடு பக்கத்திலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. பெண் பார்த்து, பூ வைக்க நாளும் குறித்தாயிற்று. அந்த வாரம் வீட்டுக்கு வந்த பெரியம்மா மகன், இவருடைய கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் எடுத்திருக்கிறார். குழுவில் ஒருவர் எழுதிய வரி அதில் இருந்தது: "நீ மட்டும் இல்லேன்னா இன்னிக்கு நான் செத்திருப்பேன்." அந்தப் படம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டது. "ராத்திரியில் ஆம்பளைங்களோட கேம் ஆடுற பொண்ணு எங்களுக்கு வேண்டாம்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா கோபத்தில் ஹெட்போன் ஒயரை அறுத்துவிட்டார். இரவு ஒன்பது மணியானால் வைஃபையை அணைத்துவிடுகிறார். அம்மா மந்திரித்துத் தாயத்து கட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டில், "ரம்மி ஆடிப் பட்டறையையே தொலைச்சுடுவா பாருங்க" என்று பேச்சு.

இவர் கேட்பது: உலக சுகாதார நிறுவனமே நோய் என்று சொல்லிவிட்டதே, நான் நோயாளிதானா? அரசாங்கம் தடை செய்ததை ஆடியதால் சட்டச் சிக்கல் வருமா? அடுத்த சம்பந்தத்தில் கல்யாணம் முடியும்வரை மறைத்துவிடலாமா? படத்தைப் பரப்பியவரை என்ன செய்வது? குழுவினர் மே மாதம் ஏற்காட்டில் சந்திக்கலாம் என்கிறார்கள், போகலாமா? கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அந்த ஏழு பேருக்கு என் முகமே தெரியாது. ஆனா தினமும் சாப்பிட்டியான்னு கேட்கிறது அவங்கதான்."

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆறு பக்கத்தில் ஒன்பது இடத்தில் 'மன்னிச்சிடுங்க' என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி கேட்டதற்கு மன்னிப்பு, கடிதம் நீளமானதற்கு மன்னிப்பு, கேம் பெயரைச் சொன்னதற்குக்கூட மன்னிப்பு. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெட்கப்படும்படியான காரியம் எதையும் நீங்கள் செய்யவில்லை. மாற்றிக்கொள்ள வேண்டியது இரண்டு மூன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

உங்கள் சம்பந்தத்தை முறித்த அந்த ஒரு வரியைப் பார்ப்போம். எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பெரிய அசுரனோடு சண்டை போடுகிறீர்கள். இரண்டு பேர் முன்னால் நின்று அடியை வாங்குகிறார்கள், நான்கு பேர் தாக்குகிறார்கள், இரண்டு பேர் வைத்தியர்கள். வைத்தியரின் வேலை, மற்றவர்களுக்கு உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டும் உயிர்க் கோடு இறங்க இறங்க ஏற்றிக்கொண்டே இருப்பது. அன்றைக்கு ஒருவருடைய உயிர் கடைசித் துளிக்கு வந்துவிட்டது, நீங்கள் ஏற்றிவிட்டீர்கள். அவர் நன்றி சொன்னார். இவ்வளவுதான் நடந்தது. ஆட்டம் தெரிந்தவர் கண்ணுக்கு அது "நல்லா பந்து போட்டேப்பா" என்பது மாதிரி. தெரியாதவர் கண்ணுக்கு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு ஆண் ஒரு பெண்ணிடம் "நீ இல்லேன்னா செத்திருப்பேன்" என்கிறான். மாப்பிள்ளை வீட்டார் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கைக்கு வந்தது அந்த வரி மட்டும்தான். அது எந்த இடத்தில் எழுதப்பட்டது என்பது வரவில்லை.

தெரியாத ஆட்டத்தைப் பார்த்துப் பயப்படுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பேப்பரும் பகடையும் வைத்து ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்தது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு கதையை நடத்திப் போகும் இந்த வகை ஆட்டங்களுக்கு அதுதான் மூத்தது. 1980-களில் அங்கே பெற்றோர்களும் மதக் குழுக்களும் அதைப் பேய் வழிபாடு என்றார்கள், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தள்ளுகிறது என்றார்கள். எதுவும் நிரூபணம் ஆகவில்லை. உங்கள் அம்மா தாயத்து கட்டியதைப் படித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. தாயத்து இருக்கட்டும், கழற்றிச் சண்டை போட வேண்டாம். அம்மாவுக்குத் தெரிந்த வழியில் அவர் உங்களைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் வீட்டுக் கதை. என் அம்மாவைப் பெற்ற தாத்தா, எடப்பாடிப் பக்கம் தெருக்கூத்தில் பெண் வேஷம் கட்டினவர். திரௌபதி கட்டுவார், பொன்னுருவி கட்டுவார். ராத்திரி களரி கட்டினால் விடிய விடிய ஆட்டம். விடிந்ததும் தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றி முகத்தில் தேய்ப்பார். மஞ்சளும் சிவப்புமாக அரிதாரம் கரைந்து கழுத்தில் வழியும். பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, அப்படியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். துச்சாதனன் துகில் உரிக்கும்போது ஊரே அவரைப் பார்த்து அழும். அதே ஊரில் அவருக்குப் பெண் கேட்டுப் போனபோது இரண்டு வீட்டில் "கூத்தாடிக்குப் பொண்ணு கிடையாது" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது வீடு என் பாட்டியின் வீடு.

ஆண் பாத்திரத்தை ஏன் எடுத்தீர்கள் என்று பெரியம்மா கேட்டதாகவும், பதில் சொல்லத் தெரியாமல் அழுததாகவும் எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்ல வேண்டியதே இல்லை. பெண்கள் ஆண் பாத்திரத்தையும் ஆண்கள் பெண் பாத்திரத்தையும் எடுப்பது இந்த ஆட்டங்களில் சர்வ சாதாரணம். தொல்லை இல்லாமல் நாலு பேரோடு சேர்ந்து ஆடலாம் என்று அப்படி எடுக்கும் பெண்கள் பலர். தாத்தா விஷயத்தில் யாரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறாரா, இல்லையா? உங்களிடமும் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

இது நோயா?

உலக சுகாதார நிறுவனம் சொன்னதைப் பாதியாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நோய்களை வகைப்படுத்தும் அதன் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'கேமிங் டிசார்டர்' என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் கேம் ஆடுவது நோய் என்று எங்கேயும் சொல்லவில்லை. மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு கையை விட்டுப் போயிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஆட்டமே முதலிடத்துக்கு வந்திருக்க வேண்டும். கெடுதல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்தும் விடாமல் தொடர வேண்டும். இதனால் குடும்பம், படிப்பு, வேலை ஆகியவற்றில் கணிசமான பாதிப்பு இருக்க வேண்டும். பொதுவாக இந்த நிலை 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் இதைத் தன் கையேட்டில் சேர்த்தபோதுகூட, 'மேலும் ஆராய வேண்டியவை' என்ற பகுதியில்தான் வைத்தது. இத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று இரண்டின் வரையறையிலும் ஒரு கணக்கு கிடையாது. 'ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆடினால் நோய்' என்பது நம் சொந்தக்காரர்கள் எழுதிய விதி.

உங்கள் கடிதத்தை வைத்தே பார்ப்போம். மாதம் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் கட்டும் வாரத்தில் குழுவிடம் சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போவதில்லை என்கிறீர்கள். கட்டுப்பாடு போன ஆளால் இதைச் செய்ய முடியாது. வேலையில் இதுவரை ஒரு புகார் இல்லை. வைஃபை இல்லாத இந்த மூன்று வாரமும் வருத்தமாக இருந்தது, ஆனால் சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள், வேலை செய்தீர்கள். கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் நோய்க்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால், நடுவில் இரண்டு இடத்தில் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். போன ஆடித் திருவிழாவில் கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுக்க அம்மா விடியற்காலையில் உங்களை எழுப்பினார். முந்தின ராத்திரி இரண்டு மணிக்குத்தான் படுத்ததால் எழுந்திருக்க முடியவில்லை, அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனார். இதை ஒற்றை வாக்கியத்தில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அது ஒற்றை வாக்கியமாக இருந்திருக்காது. மாப்பிள்ளை வீட்டார் பேச்சு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, அந்தக் காலையிலேயே, "என் பொண்ணை என்னமோ பிடிச்சிருக்கு" என்று அவர் மனதில் விழுந்திருக்கலாம். உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் பேச வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, பணம். ஒரு மாதத்தில் 11,400 ரூபாய்க்கு 'பெட்டி' திறந்திருக்கிறீர்கள், ஓர் உடைக்காக. உங்கள் சம்பளம், உங்கள் உரிமை, சரி. மாதச் சந்தா கட்டுவதிலோ, விலை போட்டு வைத்த உடையைப் பிடித்து வாங்குவதிலோ எனக்கு ஆட்சேபம் இல்லை. சினிமா டிக்கெட் மாதிரிதான் அது. ஆனால் உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு போட்டுத் திறந்துகொண்டே போகும் பெட்டி வேறு ரகம். அடுத்ததில் வந்துவிடும், அடுத்ததில் வந்துவிடும் என்று கையை இழுக்கும் வேலை சூதாட்டத்தில் இருக்கிற அதே வேலை. பெல்ஜியத்தில் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையம் 2018-லேயே இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று சொல்லிவிட்டது. அதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். போனில் சேமித்து வைத்திருக்கும் கார்டு விவரத்தையும் எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சில் பத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறதென்றால் அது இந்தப் பெட்டிதான்.

இனிமேல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆட்டத்தை விட்டு எழுந்துவிடுவேன் என்று குழுவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். முடியாமல் போய், தூக்கமும் வேலையும் தொடர்ந்து கெட்டால் தயங்காமல் ஆலோசனைக்குப் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு இது தேவை என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் அடம்பிடித்தால், மந்திரிப்பவரிடம் போவதற்குப் பதிலாக ஒரு தடவை மனநல மருத்துவரிடம் போகலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அவர் வாயால் கேட்டால் அப்பாவுக்கும் நிம்மதியாக இருக்கும்.

ரம்மி வேறு, இது வேறு

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அதனால் 'ஆன்லைன் கேம்' என்று காதில் விழுந்ததும் பக்கத்து வீட்டம்மா பயந்தால், அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'கேம்' என்று ஒரே பேர் வைத்துவிட்டோம். சீட்டாட்டமும் கேம், துப்பாக்கிச் சண்டையும் கேம், உங்கள் வைத்தியர் அங்கியும் கேம். பாதி வம்பு இந்தப் பேரால் வந்தது.

சட்டம் இவற்றைப் பிரித்துத்தான் பார்க்கிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்யவும் ஆன்லைன் விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தவும் வந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று நீங்கள் கேள்விப்பட்டதாக எழுதியிருக்கும் விதி, 2025-இல் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களுக்காகப் போடப்பட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் எதிர்பார்ப்பில் ஆடுகிற ஆட்டங்களைத்தான் தடை செய்கிறது. பொழுதுபோக்குக்காக ஆடுவது, நுழையச் சந்தா மட்டும் கட்டுவது ஆகியவற்றை அது தனி வகையாக வைத்திருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் யாரும் பந்தயம் கட்டுவதில்லை, ஜெயித்தால் யாருக்கும் ஒரு ரூபாய் வருவதில்லை. நீங்கள் குற்றம் செய்யவில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் படம்

எடுத்த எடுப்பில் போலீசுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் ஆதாரத்தை இன்றே எடுத்து வையுங்கள். யார் அனுப்பியது, எந்தத் தேதி, கீழே யார் என்ன எழுதினார்கள் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். அப்புறம் உங்கள் பெரியம்மாவை நேரில் பாருங்கள், போனில் வேண்டாம். அண்ணன் செய்ததால் என்ன நடந்தது என்று சொல்லி, அதே வாட்ஸ்அப் குழுவில் அண்ணனையே இரண்டு வரி போடச் சொல்லுங்கள்: "நான் போட்ட படம் ஒரு விளையாட்டில் நடந்த பேச்சு. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு போட்டுவிட்டேன், எடுத்துவிடுகிறேன்." இதை அவரே எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் விளக்கம் மாதிரி இருக்கும், அவர் எழுதினால்தான் பேச்சு அடங்கும்.

அதற்கு மேலும் உங்கள் நடத்தையைக் கொச்சைப்படுத்தி எழுதினால், பொறுத்துப் போக வேண்டியதில்லை. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறு பற்றியது. வழக்குப் போடுவது உங்கள் விருப்பம். சொந்தத்துக்குள் அது வருஷக்கணக்கில் இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும் என்றுகூட ஆகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் கொடுத்த உரிமை அது. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது சட்ட உதவி எண் 15100-ஐக் கூப்பிடுங்கள். யாராவது உங்கள் முகத்தை ஒட்டிப் படம் செய்து பரப்பினால் மட்டும் பெரியம்மா, பெரியப்பா என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மகளிர் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள்.

சொல்வதா, மறைப்பதா

மறைக்காதீர்கள். தர்மம் நியாயம் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. மறைத்து எத்தனை நாள் இருப்பீர்கள்? கல்யாணம் ஆன மூன்றாம் மாதம் உங்கள் போனில் ஒரு ஆண் பெயரோடு "ராத்திரி வர்றியா, உனக்காக எல்லாரும் காத்திருக்கோம்" என்று ஒரு செய்தி வந்து நிற்கும். இன்றைக்கு முறிந்தது பூ வைப்பதற்கு முன் ஒரு சம்பந்தம். அன்றைக்கு அது கல்யாணமாக இருக்கும்.

ஜாதகத்தோடு சேர்த்துத் தரகரிடம் கொடுத்துவிட வேண்டியதும் இல்லை. தரகர் வாயில் அது வேறு உருவம் எடுக்கும். பெண் பார்க்க வரும்போது இரண்டு பேரையும் தனியாகப் பேசவிடுவார்களே, அந்தப் பத்து நிமிஷத்தில் சொல்லுங்கள். "மன்னிச்சிடுங்க" என்று ஆரம்பிக்க வேண்டாம். "வாரத்தில் மூணு நாள் ராத்திரி ரெண்டு மணி நேரம் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு ஆன்லைன் கேம் ஆடுவோம். அஞ்சு வருஷமா ஆடறேன். காசு வெச்சு ஆடற கேம் இல்லை. உங்களுக்கு எதில் இஷ்டம்?" அவ்வளவு போதும். பதிலைவிட முகத்தைக் கவனியுங்கள். "என்ன கேம் அது?" என்று கேட்கிறவரோடு பேச்சைத் தொடரலாம். "கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுடுவீங்க இல்ல?" என்பதே முதல் கேள்வியாக வந்தால், அதே கேள்வி நாளைக்கு உங்கள் வேலையைப் பற்றியும் வரலாம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நேரத்தைக் குறைத்துக்கொள்வது பற்றிப் பேச இடம் கொடுங்கள். கல்யாணம் ஆனால் யாருக்கும் நேரம் மாறத்தான் செய்யும்.

இப்படிச் சொல்வதால் ஒன்றிரண்டு நல்ல இடம் கைவிட்டுப் போகலாம். ஒன்றும் ஆகாது என்று உங்களை ஏமாற்ற எனக்கு மனம் இல்லை. 27 வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு அப்பா எத்தனை பேருக்குப் பதில் சொல்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுங்கள்.

முகம் தெரியாத ஏழு பேர்

"அதெல்லாம் நிஜ நட்பு இல்லை" என்று உங்கள் அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நார்வே நாட்டில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு இளைஞர் இருந்தார். தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய், சக்கர நாற்காலி வாழ்க்கை. கடைசி வருஷங்களில் பெரும்பகுதி நேரம் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற, உங்களுடையது மாதிரியான ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம் ஆடினார். 2014-இல், 25 வயதில் இறந்துபோனார். பிள்ளை நண்பர்களே இல்லாமல் போய்விட்டானே என்று பெற்றோர் மனம் உடைந்து போனார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியை அப்பா போட்டதும் பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. உங்கள் மகன் எங்களுக்கு இப்படி ஆறுதலாக இருந்தார், இந்தப் பிரச்சினையில் இப்படி யோசனை சொன்னார் என்று, பெற்றோருக்கு அதுவரை பெயர்கூடத் தெரியாத ஆட்கள் எழுதினார்கள். அவருடைய குழுவைச் சேர்ந்த சிலர் வெளிநாட்டிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்தார்கள். அந்த அப்பாவுக்கு மகனின் நட்பு வட்டம் தெரிய வந்தது மகன் போன பிறகு. உங்கள் அப்பாவுக்கு இப்போதே காட்ட முடியும்.

அதற்காக எல்லா முகமும் நம்பத் தகுந்தது என்று இல்லை. வீட்டு முகவரி, வங்கி விவரம், ஓடிபி யாருக்கும் கிடையாது. கடன் கேட்டால் கிடையாது. குழுவுக்குத் தெரியாமல் தனியாகப் படம் கேட்பவர் ஐந்து வருஷப் பழக்கம் என்றாலும் விலகிக்கொள்ளுங்கள்.

ஏற்காடு போகலாம், நான்கு நிபந்தனையோடு. வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தம்பியையோ ஒரு தோழியையோ கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஏரிப் பக்கம், அண்ணா பூங்கா மாதிரி ஜனம் நடமாடும் இடமாக இருக்க வேண்டும், யாருடைய எஸ்டேட் பங்களாவும் வேண்டாம். இருட்டுவதற்கு முன் பஸ் ஏறிவிட வேண்டும். மே மாதம் கோடை விழா சமயம் என்றால் கூட்டத்துக்குப் பஞ்சமே இருக்காது. இருபது கொண்டை ஊசி வளைவையும் அவரவர் பஸ்ஸில் ஏறி வரட்டும், யார் காரிலும் தனியாக ஏற வேண்டாம். தம்பி வருகிறான் என்று சொன்னதும் யாராவது முகம் சுளித்தால், அந்த ஆளைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது.

கடைசியாக, அப்பா. ஒயரை அறுத்த மறுநாள் காலை, பட்டறையில் அவர் அந்த ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு, கொலுசு பற்றவைக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலைமுடி மாதிரி இருக்கும் அந்தச் செம்புக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாக வரவில்லை போல, மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டார் என்றும். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவில் போய் அந்த டிராயரைத் திறக்கச் சொல்லுங்கள். ஹெட்போனைக் கேளுங்கள். சரியாகவில்லை என்றால் ஐந்து ரோடு பக்கம் ஏதாவது ஒரு கடையில் இரண்டு பேருமாகப் போய் வேறு வாங்கிக்கொண்டு வாருங்கள். அன்று சாயங்காலம், ராத்திரி அல்ல, குழுவில் ஒன்றிரண்டு பேரை வரச் சொல்லி ஒரு மணி நேரம் ஆடுங்கள், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து. உயிர்க் கோடு எது, அதை எப்படி ஏற்றுகிறீர்கள், அந்த வரியை எதற்காக எழுதினார்கள் என்று திரையில் விரல் வைத்துக் காட்டுங்கள். அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். 11,400 ரூபாயைப் பற்றியும் அன்றைக்கே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.